ஆழ்ந்த இறங்கல்

குடியிருப்பின் முதல் மாடியில் இருந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக்கை அக்கம்பக்கத்தில் எல்லோரும் ‘கூலிங்’ என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்தொன்பது வயது. ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடுகள். ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தி, அதன் முதுகுப் பக்கம் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, மோட்டார் என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்பார். எந்த வீட்டில் எந்தத் தட்டில் என்ன அழுகிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். வெளியே ஒரு வார்த்தை பேச மாட்டார்.

ஊரார் விஷயத்தில் இத்தனை அடக்கமாக இருந்தவர், தன் விஷயத்தில் மட்டும் எதையும் அடக்கவில்லை. எல்லாவற்றையும் போனில் போட்டார்.

போன் மகளுடையது. நான்கு வருடத்துக்கு முன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது, பழைய போனில் அப்பாவுக்கு ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். “நான் போடற படமெல்லாம் இதுல பார்க்கலாம்ப்பா” என்றாள். அவள் மாதத்துக்கு ஒரு படம் போட்டாள். அதைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆனது. மீதி மாதத்தை என்ன செய்வது? ஒரு நாள் சூரியன் உதிக்கிற படம் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து, ‘இனிய காலை வணக்கம்’ என்று எழுதிப் போட்டார். பதினொரு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள்.

“பதினொரு பேர்!” என்று மனைவியிடம் காட்டினார்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ரத்தம் எடுப்பவர். “காலையில எட்டு மணிக்குள்ள என்கிட்ட ஐம்பது பேர் கை நீட்டறாங்க. நான் என்னிக்காவது வந்து சொல்லியிருக்கேனா?” என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

கூலிங் அதைப் பொருட்படுத்தவில்லை. பதினொன்று நூறாயிற்று, நூறு ஆயிரமாயிற்று. காலை வணக்கத்தோடு நிற்காமல் சொந்தமாகத் தத்துவமும் எழுத ஆரம்பித்தார். ‘நட்பு என்பது ஃபிரிட்ஜ் மாதிரி. அடிக்கடி கதவைத் திறந்தால் குளிர் போய்விடும்’ என்று எழுதியதற்கு அறுநூற்று நாற்பது பேர் இதயம் போட்டார்கள். இதயம் போடுகிறவர்கள் ஒரு ரகம், கட்டைவிரல் போடுகிறவர்கள் ஒரு ரகம் என்று மனதுக்குள் பிரித்து வைத்திருந்தார். இதயம் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று கட்டைவிரலுக்கு இறங்கினால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு முறை மூன்று நாள் காய்ச்சலில் படுத்தார். தெர்மாமீட்டரைப் படம் பிடித்துப் போட்டார். ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் நண்பரே’ என்று எண்ணூறு பேர் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதிக்கொண்டிருந்தவரின் பக்கத்தில், வெந்நீரும் மாத்திரையுமாக மனைவி வெகுநேரம் நின்றிருந்தார். “என்னங்க, எனக்கும் ஒரு நன்றி எழுதிட்டு மாத்திரையைப் போட்டீங்கன்னா நான் போய்ப் படுப்பேன்” என்றார்.

இவ்வளவு பேரில் ஒரே ஒரு ஆள்தான் அவருடைய பித்தத்தைக் கிளப்பியது. முகப்படத்தில் முகம் கிடையாது. ஒரு சிவப்புப் பென்சில் மட்டும் இருக்கும். இதயமும் போடாது, கட்டைவிரலும் போடாது. ‘வாழ்த்துக்கள் அல்ல, வாழ்த்துகள்’ என்று எழுதும். ‘நிணைவுகள் அல்ல, நினைவுகள்’ என்று எழுதும். ஃபிரிட்ஜ் தத்துவத்துக்குக் கீழே, ‘அப்படியானால் நண்பர்களைத் திறக்கவே கூடாது என்கிறீர்களா? கருத்து தெளிவாக இல்லை’ என்று எழுதியிருந்தது.

“எவனோ வேலைவெட்டி இல்லாத பொடியன்” என்று மனைவியிடம் பொருமினார்.

“தப்பு இருந்தாத்தானே சொல்றான்?”

“அறுநூத்து நாப்பது பேர் கண்ணுக்குத் தெரியாத தப்பு இவன் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியுது?”

மனைவியும் அந்தப் பதிவைப் படித்திருக்கவில்லை.

நண்பர்கள் ஐயாயிரத்தைத் தொட்டார்கள். அதற்கு மேல் சேர்க்க முடியாது, கதவு சாத்தியாயிற்று என்று போன் சொன்னது. இந்தச் சாதனையைச் சும்மா விடக் கூடாது என்று கூலிங் ஒரு முடிவுக்கு வந்தார். குடியிருப்பின் கீழ்த்தளத்துக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு எல்லோரும் நேரில் சந்திப்பது. அறிவிப்புப் போட்டார். நானூற்றுப் பன்னிரண்டு பேர் ‘வருகிறேன்’ என்று அழுத்தினார்கள்.

“நாற்காலி எத்தனை சொல்லட்டும்?” என்று மனைவி கேட்டார்.

“பாதிப் பேர் வந்தாலும் இருநூறு வேணும்.”

மனைவி நாற்காலிக்காரரிடம் நாற்பது என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடத்தின் சுவரில் ‘நட்ப்புச் சங்கமம்’ என்று பெரிய பேனர். வாசலில் ஒரு மேசை போட்டு, வருகிறவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டு வைத்து, மனைவி உட்கார்ந்திருந்தார். நாலரை மணி வரைக்கும் காவலாளி மட்டும் வந்து மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். பிறகு மனை விற்கிற தரகர் ஒருவர் கை நிறைய நோட்டீசோடு வந்தார். கூட்டத்தைத் தேடி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, காவலாளியிடம் ஒரு நோட்டீசைக் கொடுத்தார். அதற்குப் பின் பக்கத்துக் கட்டடத்துக் கணவன் மனைவி வந்தார்கள். மேசையில் இருந்தவரைப் பார்த்ததும் அந்த அம்மாள் புடவைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு முழங்கையை நீட்டினார். “இலவசமா சர்க்கரை பார்க்கறாங்கன்னு நினைச்சோம். நீங்க உட்கார்ந்திருந்தீங்களா, அதான்.”

போனில் மட்டும் கூட்டம் அலைமோதியது. கூலிங் கூடத்தை நேரலையில் விட்டிருந்தார். ‘மனதளவில் அங்கேதான் இருக்கிறேன்’ என்று ஒருவர். ‘அடுத்த முறை கண்டிப்பாக’ என்று முப்பது பேர். மூன்றாம் மாடிக்காரர் ஒரு இதயம் போட்டிருந்தார். குடிநீர் வாரியத்தில் மீட்டர் பிரிவு அதிகாரி. அதே கட்டடத்தில், அந்தக் கூடத்துக்கு நேர் மேலே, சோபாவில் உட்கார்ந்தபடி போட்டிருந்தார்.

ஐந்து மணிக்கு, அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நரைத்த தலை, தோளில் துணிப்பை. பேனரை நிமிர்ந்து பார்த்தபடி நின்றார்.

“‘ட்’டுக்கு அப்புறம் இன்னொரு ஒற்று வராது. அந்த ‘ப்’பை எடுத்துடுங்க” என்றார்.

கூலிங் நேரலைப் போனைக் கீழே இறக்கினார். “நீங்கதானா அந்தப் பென்சில்?”

“முப்பத்துநாலு வருஷம் பதிப்பகத்துல பிழை திருத்தினேன். பாடப்புத்தகம் எல்லாம் என் கையிலதான் போகும். ஓய்வு கொடுத்துட்டாங்க. கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

“ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க” என்று மனைவி மேசையிலிருந்து சொன்னார். அதற்குள் விசாரித்து நோட்டில் எழுதியிருந்தார். அந்த நோட்டில் ஏறிய ஒரே பெயர் அது.

அன்றைக்கே கூலிங் அந்த அம்மாளை உட்கார வைத்து நாலு வார்த்தை பேசியிருக்கலாம். அவருக்கோ முகமெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. முன்வரிசை நிறைந்திருப்பது மாதிரி ஒரு கோணம் பார்த்து நாற்காலிக்காரரையும் சேர்த்து உட்கார வைத்துப் படம் எடுத்து, ‘அலைகடலெனத் திரண்ட நண்பர்களுக்கு நன்றி’ என்று போட்டார். ஆயிரத்துச் சொச்சம் இதயம். கீழே பென்சில் எழுதியது: ‘மொத்தம் எட்டுப் பேர். அதில் ஒருவர் நாற்காலிக்காரர். இருவர் ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள்.’

கூலிங் பென்சிலைத் தடை செய்தார். ஐயாயிரத்தில் ஒரு இடம் காலியாயிற்று. ஒரு மணி நேரத்தில் அதில் இன்னொருவர் வந்து உட்கார்ந்தார்.

அதன் பிறகு இரண்டு மாதம் நிம்மதியாகத் தப்பும் தவறுமாக எழுதினார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, ஒரு பேக்கரியில் ஆளுயரக் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. இடது கையால் எடுத்துப் பார்த்தார். மூன்றாம் மாடிக்காரர் படம். கையில் பூங்கொத்து, முகத்தில் சிரிப்பு. மேலே யாரோ எழுதியிருந்தார்கள்: ‘முப்பத்தோரு ஆண்டுகள் எங்களோடு இருந்தவர் எங்களிடமிருந்து விடைபெற்றார். அவருடைய இருக்கை இனி வெற்றிடமே...’ அதற்குக் கீழே ‘மேலும் படிக்க’ என்று இருந்தது. மேலும் படிக்கிற நிலையில் அவர் இல்லை. கண் கலங்கிவிட்டது. அது பொய்யில்லை. ஒன்பது வருடமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள். “லிஃப்ட் ஓடுதா சார்?” என்று இவர் கேட்பதும், “இல்லையே” என்று அவர் சொல்வதுமாக எத்தனையோ தடவை பேசியிருக்கிறார்கள்.

துக்கம் ஒரு பக்கம். நம் கட்டடத்து ஆள், முதலில் நாம் போட வேண்டும் என்ற பரபரப்பு இன்னொரு பக்கம். படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் கட்டினார். ‘என் உயிர் நண்பர், பண்பின் சிகரம், இன்று நம்மிடையே இல்லை. ஆழ்ந்த இறங்கல்’ என்று எழுதிப் போட்டுவிட்டு மறுபடியும் தலையை உள்ளே விட்டார்.

மத்தியானத்துக்குள் எழுநூறு பேர் அஞ்சலி செலுத்திவிட்டார்கள். அந்த ‘இறங்கல்’ அப்படியே பிரதி எடுக்கப்பட்டு ஊரெல்லாம் பரவியது. அழுகிற முகம் போட்டவர்களில் மூன்றாம் மாடிக்காரரும் ஒருவர். ஓய்வு பெற்ற முதல் நாள் அவருக்கு. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சோபாவில் சாய்ந்து, வந்ததற்கெல்லாம் எதையாவது ஒன்றை அழுத்திக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி வாக்கில் கூலிங்குக்கு ஒரு அழைப்பு வந்தது. தன் பதிவுகளுக்கெல்லாம் கீழே ஃபிரிட்ஜ் பழுதுக்கு என்று எண் கொடுத்திருந்தார். ஏதாவது வேலையாக இருக்கும் என்று எடுத்தார்.

“நான்தான் பென்சில் பேசறேன். ஒரு சாவுச் செய்தி எனக்கு மூணு பக்கத்துலேருந்து வந்திருக்கு. ‘இறங்கல்’னு பார்த்ததுமே அது நீங்க எழுதினதுதான்னு தெரிஞ்சுடுச்சு.”

“மேடம், எங்க மூணாம் மாடிக்காரர் போய்ச் சேர்ந்திருக்கார். இப்பப் போயி எழுத்துப் பிழையா?”

“எழுத்து அப்புறம். அந்தப் படத்துல பின்னாடி சுவத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கு. படிச்சீங்களா?”

“இல்லீங்க.”

“பெருசு பண்ணிப் பாருங்க. ‘பணி நிறைவுப் பாராட்டு விழா’ன்னு இருக்கு. தேதி நேத்து. அந்த மனுஷர் வேலையிலேருந்துதான் போயிருக்கார்னு நினைக்கிறேன்.”

கூலிங் போனைக் காதிலிருந்து எடுத்து, படத்தைப் பெரிதாக்கினார். தாள் இருந்தது.

“இறங்கல்னா கீழ இறங்கறது” என்றது போன். “நீங்க இப்ப மேல ஏறணும். ஏறிப் போய்ப் பாருங்க. நானும் கிளம்பி வர்றேன்.”

வீட்டுக்கு வந்து மனைவியையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினார். தனியாகப் போகத் தைரியமில்லை. லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. கதவைத் திறந்தது மூன்றாம் மாடிக்காரரின் மனைவி.

“வாங்க. உள்ளதான் இருக்கார். இன்னும் எடுக்கலை” என்றார் அந்த அம்மாள். சிரிக்கிறாரா கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றாம் மாடிக்காரர் இப்போது கண்ணாடி போட்டிருந்தார். போனை மடியில் வைத்து, தன் அஞ்சலிகளை வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“சார், என்னை மன்னிச்சிடுங்க. பாதிதான் படிச்சேன்...”

“இதைக் கேளுங்க. ‘நேற்றுகூட என்னுடன் நெடுநேரம் பேசினார்’. யார்னே தெரியாது எனக்கு. நேத்து நான் யாரோடயும் பேசலை, விழாவுல பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்துட்டு, அதுக்குள்ள சாப்பாடு வந்திருச்சுன்னு வாங்கிட்டாங்க. இது இன்னொருத்தன். ‘என் வளர்ச்சிக்கு ஏணியாக இருந்தவர்’. இவன் வீட்டுத் தண்ணியைத்தான் நான் நிறுத்தினேன்.”

கூலிங் தலை குனிந்து நின்றார்.

“நீங்க போட்டது எனக்கு வருத்தமில்லை” என்று அவர் தொடர்ந்தார். குரல் இறங்கியிருந்தது. “காலையில பத்து மணிக்குச் செத்திருக்கேன். இப்ப மணி மூணு. நம்பினவங்க எழுநூறு பேர். அதுல இந்தக் கட்டடத்துல மட்டும் இருபது பேர். ஒருத்தராவது வந்து கதவைத் தட்டணுமா இல்லையா? ஒரு செருப்புச் சத்தம் கேக்கலை. இவளும் நானும் கதவையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கோம்.”

“சாயங்காலம் வரலாம்னு இருந்தேன் சார்” என்றார் கூலிங், தன்னையறியாமல்.

“ஏன், வேலை இருந்துச்சா?”

“ரெண்டு ஃபிரிட்ஜ் இருந்துச்சு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மனைவி அவரைப் பார்த்த பார்வையில் ஊசி இருந்தது.

அப்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மெதுவாக, நின்று நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு. திறந்திருந்த கதவில் பென்சிலம்மாள் வந்து நின்றார். கையில் குடை, ஒரு பிஸ்கட் பொட்டலம். மூன்றாம் மாடிக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இருக்கீங்க இல்ல? சரி” என்று சொல்லிவிட்டு அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

“நீங்க யாரும்மா?”

“உங்களை எனக்குத் தெரியாது. செய்தி சரியா தப்பான்னு பார்த்துட்டுப் போக வந்தேன்.”

“பரவாயில்லை” என்றார் மூன்றாம் மாடிக்காரர். “என் சாவுக்கு வந்த ஒரே ஆள் நீங்கதான். டீ சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

முதலில் சிரித்தது அவருடைய மனைவிதான். காலையிலிருந்து அடக்கி வைத்தது போலக் கண்ணில் நீர் வர வரச் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கூலிங் மட்டும் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் பிஸ்கட்டைப் பிரித்தார்.

கூலிங்கின் போனில் மறுப்புச் செய்தியைப் பென்சிலம்மாள் எழுதினார். ஒரு பிழை கிடையாது. ‘அவர் நலமாக இருக்கிறார். தவறு என்னுடையது’ என்று இரண்டே வரி. கூடவே அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி மூன்றாம் மாடிக்காரர் படம். அதற்கு நாற்பத்தொரு பேர்தான் கட்டைவிரல் போட்டார்கள். ஒன்பது பேர் அதற்குக் கீழேயும் ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். மூன்று நாள் கழித்தும் அஞ்சலி வந்துகொண்டிருந்தது. பழைய அலுவலகத்திலிருந்து ஒருவர் நேராக மூன்றாம் மாடிக்காரரையே கூப்பிட்டு, “சார், நீங்க இறந்துட்டதா கேள்விப்பட்டேன், விசாரிக்கலாம்னு போன் பண்ணேன்” என்றார்.

கூலிங் அதோடு போனைத் தூக்கிப் போட்டுத் திருந்திவிட்டார் என்று சொன்னால் அது அவர் எழுதுகிற பதிவு மாதிரி ஆகிவிடும். சூரியன் இன்றைக்கும் அவர் போனில்தான் முதலில் உதிக்கிறது. பென்சிலம்மாளுக்குப் போட்ட தடையை எடுத்தார். அந்த அம்மாள் மறுநாளே பழைய இரண்டு மாதப் பதிவுகளையும் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார்.

ஆனால் சில விஷயங்கள் மாறின. வீட்டில் பொழுது போகாத மூன்றாம் மாடிக்காரர் ஒரு நாள், “நானும் கூட வரட்டுமா?” என்று கேட்டு ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஸ்பேனர் கேட்டால் திருப்புளியை எடுத்துக் கொடுப்பார். கூலிங் படுத்து வேலை பார்க்கும்போது, வீட்டுக்காரர்களின் தண்ணீர் மீட்டரைப் பார்த்துக் குறை சொல்வார். இரண்டு வாடிக்கையாளர்கள் அதனாலேயே கைவிட்டுப் போனார்கள். கூலிங் மறுநாளும் அவரை ஏற்றிக்கொண்டுதான் போனார். திரும்புகிற வழியில் தலைக்கவசத்துக்குள் கத்திக் கத்தி இருவரும் எதையாவது சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள்.

மழைக்காலம் முடிந்தபோது பென்சிலம்மாள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அதை இடிக்கப் போவதாகச் சொன்னார். கூலிங்கின் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஓர் அறை வீடு காலியாக இருந்தது. கூலிங்கின் மனைவிதான் போய் உரிமையாளரிடம் பேசி முடித்தார். சாமான் ஏற்றுகிற அன்றைக்கு, “ஆள் வேணும்னு ஒரு பதிவு போடட்டுமா?” என்று கூலிங் கேட்டார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு ஃபிரிட்ஜின் அடிப்பக்கத்தைப் பிடித்தார்.

வண்டிக்காரர்கள் இரண்டு பேர், கூலிங், “நீங்க தூக்கக் கூடாது” என்று எல்லோரும் கத்தியும் கேட்காத மூன்றாம் மாடிக்காரர். இப்படியாக அந்தப் பழைய பச்சை ஃபிரிட்ஜ் இரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்தது. ஏற்றும்போது சாய்ந்துவிட்டது. சாய்ந்த ஃபிரிட்ஜை உடனே போடக் கூடாது. மோட்டாருக்குள் எண்ணெய் தன் இடத்துக்கு இறங்கி அமர நாலு மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். “அதுவரைக்கும் யாரும் பிளக்கைத் தொடாதீங்க” என்று கூலிங் சொல்லிவிட்டார்.

வண்டிக்காரர்கள் போய்விட்டார்கள். அறையில் ஃபிரிட்ஜும் புத்தகப் பெட்டிகளும் தவிர வேறு எதுவும் இல்லை. தடித்த சுவருக்குள் போனுக்குச் சிக்னலும் சரியாக எட்டவில்லை. நாலு பேரும் தரையிலும் பெட்டிகளின் மேலுமாக உட்கார்ந்தார்கள்.

“ஒண்ணு கேக்கறேன்” என்றார் பென்சிலம்மாள். “அந்த ஐயாயிரம் பேர் உங்களுக்கு எதுக்கு?”

கூலிங் கை அழுக்கைத் துணியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

“ஒரு நாளைக்கு ஆறு வீட்டுக்குப் போறேங்க்கா” என்றார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டு வந்தவர். “எல்லா வீட்லயும் சமையலறை வரைக்கும் போறேன். கதவைத் திறந்தா அவங்க என்ன சாப்பிடறாங்க, யாருக்கு என்ன மருந்துன்னு எல்லாம் தெரியும். இருபத்தாறு வருஷம். ஒரு வீட்ல, ஒரே ஒரு வீட்லகூட, ‘உட்காருங்க’ன்னு சொன்னதில்லை. இதுல என்னன்னா, காலையில வணக்கம்னா திருப்பி வணக்கம்ங்கறாங்க.”

அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதை என்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே” என்றார்.

“நீயே களைச்சுப் போய் வர்ற.”

“இங்கயும் உட்காருங்கன்னு சொல்லலாம்னா ஒரு நாற்காலி கிடையாது” என்று மூன்றாம் மாடிக்காரர் சொல்லிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த பெட்டியில் நகர்ந்து பாதி இடம் விட்டார். பெட்டி நடுவில் நசுங்கியது. “ஐயோ, அகராதி!” என்று பென்சிலம்மாள் அலறினார்.

பேச்சு அங்கிருந்து எங்கெங்கோ போயிற்று. பென்சிலம்மாள் தன் பதிப்பகத்தில் ஒரு முறை பூகோளப் புத்தகத்தில் கடல் ஒன்று விட்டுப்போனதையும், அதை யாரும் இரண்டு வருடம் தேடாததையும் சொன்னார். கூலிங்கின் மனைவி ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுகிற ஒரு மல்யுத்த வீரரைப் பற்றிச் சொன்னார். மேலே இருந்து மூன்றாம் மாடி அம்மாள் டீக் கெட்டிலோடு இறங்கி வந்து, “எல்லாரும் எங்க போயிட்டீங்கன்னு பார்த்தேன்” என்று அவரும் உட்கார்ந்துகொண்டார்.

நாலு மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. ஆறாவது மணி நேரத்தில்தான் கூலிங்குக்கு நினைவு வந்து எழுந்து பிளக்கைச் செருகினார். ஒரு உதறல் உதறிவிட்டு மோட்டார் ஓடத் தொடங்கியது. வழக்கம்போல அவர் தரையில் படுத்து, கன்னத்தை வைத்துக் கேட்டார்.

“என்ன சொல்லுது?” என்று மூன்றாம் மாடிக்காரர் கேட்டார்.

“சத்தம் போடாதீங்க சார், கேக்க விடுங்க” என்றார் கூலிங்.